ஷாட் நீளத்தைக் குறைத்தும் காட்சி இழுக்கிறது, என்ன செய்யலாம்?

கடைசிபெஞ்ச்:
வணக்கம். ஒரு குறும்படம் எடிட் செய்துகொண்டிருக்கிறேன். விடியற்காலையில் டீக்கடை திறக்கும் காட்சி. ஷட்டர் தூக்குவதிலிருந்து முதல் கிளாஸ் டீ கைக்கு வருவது வரை நிஜத்தில் முக்கால் மணி நேர வேலை. 15 விநாடியில் சொல்ல வேண்டும். 26 ஷாட் வைத்து, அடியில் வேகமான தவில் இசை போட்டிருக்கிறேன். ஆனாலும் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடம் இழுக்கிறது என்கிறார்கள். ஷாட் நீளத்தை இன்னும் குறைக்கணுமா, இசையை மாற்றணுமா?

ஒலிமேடை:
இசையை ம்யூட் செய்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தெருச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்றால் சிக்கல் அங்கேதான்.

ஒரு வேலை முடிந்துவிட்டது என்று பார்ப்பவருக்கு உறுதி சொல்வது சத்தம். ஷட்டர் மேலே போய் முட்டும் அந்த 'டமார்' கேட்டாலே கடை திறந்தாச்சு. ஏறுவதை முழுக்கக் காட்ட வேண்டியதில்லை. அது கேட்காவிட்டால் அரை விநாடி ஷாட்கூடப் பாதியில் அறுந்தது போலத் தெரியும், மனம் மிச்சத்தைத் தேடும். 26 முறை தேடினால் இழுக்காமல் என்ன செய்யும்?

டேரன் அரோனோஃப்ஸ்கியின் 'ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்' (2000) பாருங்கள். போதை எடுக்கும் சடங்கு முழுவதும் சில விநாடிகளில் முடிந்துவிடும். எல்லாம் மிக நெருக்கமான குளோசப், ஷாட்டுக்கு ஒரே செயல், செயலுக்கு ஒரே சத்தம். கண்ணின் பாப்பா விரிவதற்குக்கூடச் சத்தம் உண்டு! இதை அவர் ஹிப்-ஹாப் மான்டாஜ் என்பார் (மான்டாஜ் என்றால் சின்னச் சின்ன ஷாட்களை அடுக்கிக் காலத்தைச் சுருக்குவது). அதே வரிசை திரும்பத் திரும்ப வருவதால், சத்தம் தொடங்கியதுமே நமக்கு மீதி தெரிந்துவிடுகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது பாப் ஃபாஸியின் 'ஆல் தட் ஜாஸ்' (1979). நாயகனின் காலை நேரம்: கேசட்டைத் தள்ளியதும் விவால்டி, அப்புறம் கண்ணில் சொட்டு மருந்து, தண்ணீரில் பொங்கும் மாத்திரை, ஷவர், கண்ணாடி முன் ஒரு வசனம். இசை அவன் கையிலிருந்து தொடங்குகிறது, வெளியிலிருந்து பூசியதாக இல்லை. படம் போகப்போக அதே காலை வரும்போது அவன் உடம்பு தேய்ந்திருப்பது தெரியும். நாட்கள் ஓடியதை யாரும் சொல்லவே தேவையில்லை. எடிட்டர் ஆலன் ஹெய்ம், ஆஸ்கர் வாங்கிய வேலை இது.

உங்கள் காட்சிக்கு: 26 வேண்டாம், 10 போதும். ஷட்டர், அடுப்பு பற்றும் 'குப்', பால் பாக்கெட் கிழிவது, கரண்டி, கிளாஸ் மேடையில் உட்காருவது. ஒவ்வொன்றையும் செயலின் நடுவில் தொடங்குங்கள். சத்தங்களைத் தனியாக, மைக்கைக் கிட்டே வைத்துப் பதிவு செய்யுங்கள்.

ரீல்பெட்டி:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காலத்தைச் சுருக்க அவசரப்பட வேண்டும் என்றில்லை. 'சிட்டிசன் கேன்' (1941) காலை உணவு மேசைக் காட்சியில் ஒரு திருமணமே சில நிமிடங்களில் கசந்து போகிறது. வெட்டுகளுக்கு நடுவே கேமரா சரேலென்று திரும்பும், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் ஒரே மெட்டு மாறி மாறி வரும். கணவன் ஒரு பத்திரிகை முதலாளி. கடைசியில் பேச்சே இல்லை, மனைவி கையில் அவனுடைய போட்டிப் பத்திரிகை. டீக்கடைக்காரர் நிதானமானவர் என்றால் இந்த வழியையும் யோசியுங்கள்.

கடைசிபெஞ்ச்:
ரொம்ப நன்றி இருவருக்கும். அவர் பரபரப்பான ஆள்தான், அதனால் ஒலிமேடை சொன்ன வழியில் போகிறேன். தவிலை முழுக்க எடுத்துவிடணுமா?

ஒலிமேடை:
முதலில் இசை இல்லாமலே காட்சி தன் பலத்தில் நிற்கும்வரை வெட்டுங்கள். அப்புறம் கடையில் ரேடியோ இருந்தால் அவர் அதைத் திருகும் ஷாட்டில் தவிலைத் தொடங்குங்கள். டீ ஆற்றும் சத்தம் வரும்போது மட்டும் இசையை நன்றாக இறக்குங்கள். அந்த ஷாட்டை மட்டும் 2 விநாடி விடலாம்.