புதுப்பிப்பு: தங்கையின் முழங்கால் வீக்கம் லைம் நோயா, முடக்குவாதமா?

உண்ணிக் கடிக்குப் பல மாதங்கள் கழித்து என் தங்கையின் முழங்கால் வீங்கியது, முடக்குவாதமாக இருக்குமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. முடிவு வந்துவிட்டது: லைம் மூட்டழற்சி, அதாவது உண்ணிக் கடியால் பரவும் பொரேலியா என்ற பாக்டீரியா உண்டாக்கும் லைம் நோயால் வரும் மூட்டு வீக்கம்.

வாதநோய் மருத்துவர் முதலில் பார்த்தது அவள் கைகளைத்தான். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் வரும் முடக்குவாதம் பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளையும் ஒருசேரப் பிடிக்கும். காலையில் விறைப்பு நெடுநேரம் நீடிக்கும். லைம் நோயோ ஒரு பெரிய மூட்டில், அதுவும் முழங்காலில், நீர் கோத்து நிற்கும். வலியைவிட வீக்கமே மிகுதி. அவளுக்கும் அப்படியே. முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் காணப்படும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சிசிபி எதிர்ப்பு (anti-CCP) பரிசோதனையில் ஒன்றுமில்லை. பொரேலியா கிருமிக்கான இரண்டு கட்டப் பரிசோதனையும் லைம் நோயை உறுதிசெய்தது.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1975இல் அமெரிக்காவின் லைம் ஊரில் குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியபோது, அதை முதலில் சிறார் முடக்குவாதம் என்றே எண்ணினார்கள். பெற்றோர் விடாமல் கேட்டதால்தான் விசாரணையே நடந்தது. அந்தத் தாய்மார்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இப்போது டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை 28 நாள் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறாள், வீக்கம் குறைந்து வருகிறது. சிலருக்குக் கிருமி போன பிறகும் அழற்சி தங்கிவிடுமாம். அப்போது முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டையே கொடுப்பதுண்டு என்றார் மருத்துவர். மருந்து முடிந்ததும் மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.