பயண இ-சிம்மில் 'பல நெட்வொர்க்' என்றால் எல்லாம் சேர்ந்து வேலை செய்யுமா?

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் பெங்களூரில் விமானம் ஏறி சிங்கப்பூரில் 4 நாள், அங்கிருந்து பஸ்ஸில் ஜொகூர் வழியா மலேசியாவில் 5 நாள் இருக்கப் போறாங்க. ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே டேட்டா இ-சிம் (அட்டை இல்லாம போனுக்குள்ளேயே ஏத்துற சிம்) பார்த்து வெச்சிருக்கேன். "பல நெட்வொர்க், சிறந்த சிக்னலுக்குத் தானாக மாறும்"னு விளம்பரம். ஒரே நேரத்தில் ரெண்டு மூணு நெட்வொர்க்கில் ஓடுமா? சிக்னல் குறைஞ்சா நிஜமாவே மாறுமா? அப்பாவுக்கு ஆண்ட்ராய்டு, அம்மாவுக்கு ஐபோன் 13. பேங்க் ஓடிபி பழைய இந்திய நம்பருக்கே வரணும். பக்கத்தில் இருந்து சரி பண்ண யாரும் இல்லை, அதனால் இங்கேயே எல்லாத்தையும் செஞ்சு அனுப்பணும்.

தொப்பூர்_கணவாய்

சேர்ந்து ஓடாது. ஒரு சிம் ஒரு நேரத்தில் ஒரே நெட்வொர்க்கில்தான் பதிவாகும். வேகமும் கூடாது.

இ-சிம் விக்கிற கம்பெனிக்கு எங்கேயும் டவர் கிடையாது. ஹாங்காங், போலந்து மாதிரி ஏதாவது ஒரு நாட்டு ஆபரேட்டரின் சிம் புரொஃபைலை மொத்தமா வாங்கி நமக்குத் தர்றாங்க. அந்த ஆபரேட்டருக்கு சிங்கப்பூரில் யார் யாரோடு ரோமிங் ஒப்பந்தம் இருக்கோ, அந்த டவர்களில் எல்லாம் உங்க சிம் நுழையலாம். 'பல நெட்வொர்க்'னா அவ்வளவுதான். சிம்முக்குள்ள ஐஎம்எஸ்ஐன்னு ஒரு எண் இருக்கும், முதல் மூணு இலக்கம் நாட்டைச் சொல்லும்: இந்தியா 404, 405, சிங்கப்பூர் 525, மலேசியா 502, ஹாங்காங் 454. சில கம்பெனிகள் ஒரே சிம்மில் ரெண்டு மூணு ஐஎம்எஸ்ஐ வெச்சு நாட்டுக்குத் தக்க மாத்துவாங்க. அப்படி மாறுறப்ப சில நிமிஷம் சிக்னலே இருக்காது. சிம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழிச்சிடக் கூடாது.

"தானாக மாறும்" பாதி உண்மை. ஓசூர்ல இருந்து பெங்களூரு போறவங்களுக்குத் தெரியும், எல்லையில் இருக்கிற ஜூஜூவாடி தாண்டியும் போன் கொஞ்ச தூரம் தமிழ்நாட்டு டவரை விடாது. அங்கேயும் அதே குணம்தான். கையில் இருக்கிற நெட்வொர்க் ஒரு கோடு காட்டினாலும் அது போனுக்குப் போதும். பக்கத்து நெட்வொர்க் பத்து மடங்கு வேகமா இருக்கான்னு அது பார்க்காது. சிக்னல் அறவே போனாத்தான் அடுத்ததைத் தேடும்.

இன்னொரு வழியிலும் மாறும். சிம்முக்குள்ள ஆபரேட்டர் எழுதி வெச்ச முன்னுரிமைப் பட்டியல் இருக்கும். போன் சும்மா இருக்கிறப்ப அப்பப்போ எழுந்து, பட்டியலில் மேலே இருக்கிற நெட்வொர்க் கிடைக்குதான்னு பார்க்கும். இந்த இடைவெளியை 6 நிமிஷத்தின் மடங்கா சிம்மில் எழுதலாம், எழுதாம விட்டா 60 நிமிஷம். பட்டியலில் மேலே இருக்கிறது பெரும்பாலும் ஆபரேட்டருக்கு மொத்த விலையில் மலிவானது. 'சிறந்த' நெட்வொர்க்னா யாருக்குச் சிறந்ததுன்னு அங்கேதான் கேட்கணும்.

ஓசூர்_சிப்காட்

மேலே சொன்னது சரி. இதனால் நடைமுறையில் என்ன ஆகும்னு சேர்த்துக்கிறேன்.

நெட் மெதுவா இருந்தா எல்லாரும் செய்யறது ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுக்கிறது. பல தடவை பலன் இருக்காது. போன் திரும்ப எழுந்ததும் கடைசியா பதிவான நெட்வொர்க்கைத்தான் முதலில் தேடிப் போகும், அதாவது அதே மெதுவான டவருக்கே. கையால் மாத்தணும்:

ஐபோனில் செட்டிங்ஸ் → மொபைல் சர்வீஸ் → இ-சிம் லைன் → நெட்வொர்க் செலக்ஷன் → ஆட்டோமேட்டிக்கை அணைங்க. ஆண்ட்ராய்டில் சிம் செட்டிங்ஸுக்குள்ள 'தானாக நெட்வொர்க் தேர்வு'ன்னு இருக்கிறதை அணைங்க. தேட ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஆகும், அதுவரை டேட்டா நிக்கும். பட்டியலில் ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க. ஒப்பந்தம் இல்லாத நெட்வொர்க் பேரும் பட்டியலில் தெரியும். தொட்டா மறுத்திடும், அதில் கெடுதல் இல்லை.

இங்கே ஒரு பெரிய பொறி. சிங்கப்பூரில் சிங்டெல்லைக் கையால் தேர்ந்தெடுத்து அப்படியே விட்டுட்டு ஜொகூர் பாலம் தாண்டினா, மலேசியாவில் "சர்வீஸ் இல்லை"ன்னே நிக்கும். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஆட்டோமேட்டிக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்க. அம்மா அப்பாவுக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான்.

வாங்குறப்ப 'பல நெட்வொர்க்'னு போட்டிருக்கிறதோடு விடாதீங்க, பேர் பட்டியலைப் பாருங்க. சிங்கப்பூர் சின்ன ஊர், சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மலேசியாவில் மலைப்பக்கம் போறாங்கன்னா ரெண்டு நெட்வொர்க் இருக்கிறது உதவும், நம்ம அஞ்செட்டி காட்டு ரோடு மாதிரி. செல்காம், டிஜின்னு ரெண்டு பேர் போட்டிருந்தா ஒண்ணுன்னே எண்ணுங்க. 2022 நவம்பரில் இணைஞ்சு செல்காம்டிஜி ஆயிடுச்சு. கூட மேக்ஸிஸோ யு மொபைலோ இருந்தாத்தான் ரெண்டாவது வழி.

கருங்கல்_ஏற்றுமதி

குறுக்கே ஒரு கேள்வி. ஷியாமென் கல் கண்காட்சிக்குப் போறவங்க இந்த மாதிரி இ-சிம்மில் சீனாவிலும் வாட்ஸ்அப் ஓடுதுன்னு சொல்றாங்க. ஹோட்டல் வைஃபையில் ஓடாதது சிம்மில் மட்டும் எப்படி ஓடுது?

தொப்பூர்_கணவாய்

ரோமிங் டேட்டா பெரும்பாலும் அந்த ஊர் இன்டர்நெட்டில் இறங்காது. டவர் மட்டும்தான் சீனாவோடது. டேட்டா மூட்டை கட்டின மாதிரி சிம்மின் சொந்த ஆபரேட்டர் ஊருக்குப் போய், அங்கேதான் பிரியும். ஹாங்காங் சிம்னா உங்க ஐபி முகவரி (இன்டர்நெட்டில் நீங்க எங்கே இருக்கீங்கன்னு காட்டுற எண்) ஹாங்காங். அதனால் சீனாவின் தடை அதைத் தொடாது. சீன நம்பரோடு வர்ற உள்ளூர் சிம் வாங்கினா தடை உண்டு. உங்க இந்தியச் சிம்மை ரோமிங்கில் போட்டாலும் இதே காரணத்தால் வாட்ஸ்அப் ஓடும், செலவுதான் வேற.

இதில் பாதகமும் இருக்கு. ஹாங்காங் ஐபியில் சாட்ஜிபிடி திறக்காது. சில பேங்க் செயலிகள் வெளிநாட்டு ஐபியைப் பார்த்ததும் முரண்டு பிடிக்கும். தாமதமும் கூடும். சிங்கப்பூரில் இருக்கீங்க, சிம் லண்டனில் பிரியுதுன்னு வைங்க. தூரம் சுமார் 10,800 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும், ஆக ஒரு வழிக்கு 54 மில்லிநொடி. பக்கத்துத் தெருவில் இருக்கிற சிங்கப்பூர் சர்வரைத் தொடணும்னாலும் லண்டன் போய்த் திரும்பி வந்து, பதிலும் அதே வழியில் வரணும். நாலு பயணம், குறைஞ்சது 216 மில்லிநொடி. ஸ்பீட் டெஸ்ட்டில் வேகம் நல்லா காட்டும், வீடியோ காலில் பேச்சு தள்ளித் தள்ளி விழும். நெட்வொர்க் மாத்தினாலும் இது தீராது, ஏன்னா கோளாறு டவரில் இல்லை. இந்தப் பயணத்துக்கு ஐபி சிங்கப்பூர் அல்லது ஹாங்காங்னு போட்ட திட்டமா பார்த்து வாங்குறது நல்லது.

ஓடிபி_காவலர்

கேட்டவருக்கு, இங்கேயே செஞ்சு அனுப்ப வேண்டியவை.

முதல்ல *#06# அழுத்துங்க. இஐடின்னு 32 இலக்க எண் வந்தா அந்த போன் இ-சிம் எடுக்கும். அப்பாவோட ஆண்ட்ராய்டில் இது வரலைன்னா கதை அங்கேயே முடிஞ்சது. அம்மாவோட ஹாட்ஸ்பாட்தான் வழி. அந்தத் திட்டம் ஹாட்ஸ்பாட்டை அனுமதிக்குதான்னும் பார்த்துக்கோங்க.

எங்கே வாங்குறீங்கன்னு பாருங்க. வெளிநாட்டு சிம்மை இங்கே விக்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேணும். அது இல்லாததால்தான் 2024 ஜனவரியில் ஏர்அலோ, ஹோலாஃப்ளை செயலிகளை இந்திய ஆப் ஸ்டோர்களில் இருந்து எடுக்கச் சொன்னாங்க. சான்று உள்ளவங்க பாஸ்போர்ட், விசா நகல் கேட்பாங்க, அது முறைதான்.

க்யூஆர் கோடை வீட்டு வைஃபையில் ஸ்கேன் பண்ணி ஏத்திடுங்க. அது பெரும்பாலும் ஒரே தடவைதான் செல்லும், ஏத்தினதை அழிச்சா திரும்ப ஏத்த முடியாது. நாள் கணக்கு ஏத்தினதும் ஓடுமா, அங்கே டவரைப் பிடிச்சதும் ஓடுமான்னு முன்னாடியே படிச்சுக்கோங்க.

இந்திய லைனில் டேட்டா ரோமிங் அணைஞ்சிருக்கணும், இ-சிம் லைனில் போட்டிருக்கணும். டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுத்து, ஐபோனில் 'மொபைல் டேட்டா ஸ்விட்சிங்கை அனுமதி'ங்கிறதைக் கட்டாயம் அணைங்க. அதை விட்டா இ-சிம் தடுமாறுறப்ப போன் இந்தியச் சிம்முக்குத் தாவும். அங்கேதான் பில் ஏறும்.

ஓடிபிக்கு இந்திய லைன் உயிரோடு இருக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி ஆபரேட்டரிடம் சர்வதேச ரோமிங்கைத் திறந்து வைங்க, சும்மா சிம்மை வெச்சிருந்தா மட்டும் எஸ்எம்எஸ் வராம போகலாம். யுபிஐ செயலியை அங்கே அழிச்சு ஏத்தாதீங்க, திரும்பப் பதிய இந்தியச் சிம்மில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் போகணும். நம்பர் மாத்தலாமான்னு வாட்ஸ்அப் கேட்டா வேண்டாம்னு சொல்லணும்.

மாங்கூழ்_கிருஷ்ணகிரி

அப்பா போனில் இஐடி வருது. அங்கே இறங்கினதும் கோடு முழுசா காட்டி நெட் மட்டும் வரலைன்னா?

ஓசூர்_சிப்காட்

பத்தில் எட்டு தடவை ஏபிஎன்தான், அதாவது போன் எந்த வழியா நெட்டுக்குப் போகணும்னு சொல்ற பேர். வாங்கின மெயிலில் இருக்கிற பேரை ஒரு எழுத்து பிசகாம இ-சிம் லைனில் போடணும். ஆண்ட்ராய்டில் போட்ட பிறகு சேவ் பண்ணி, அந்தப் பேருக்கு நேரே இருக்கிற வட்டத்தையும் தொடணும். நிறைய பேர் விடுறது அதைத்தான். ஏபிஎன் சரியா இருந்தும் வரலைன்னா இ-சிம் லைனில் ரோமிங் அணைஞ்சிருக்கும். ரெண்டும் சரின்னா 5ஜியை விட்டு எல்டிஇ, அதாவது 4ஜி மட்டும் வைங்க. ஒப்பந்தம் 4ஜிக்கு மட்டும் இருந்தா போன் 5ஜியில் சில சமயம் மாட்டிக்கும். அதுக்கு அப்புறம்தான் கையால் வேற நெட்வொர்க்.

ஏபிஎன்னையும் க்யூஆர் மெயிலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெண்டு போனிலும் கேலரியில் வைங்க. நெட் இல்லாதப்ப மெயில் திறக்காது.