100 மி.மீ. லென்ஸ் போட்டாத்தான் ஃபோக்கஸ் மெல்லிசா விழுமாம்!

கோட்டை அகழி:
நேத்து ராத்திரி நம்ம ஆற்காட்டுப் பேடா தம்பி ஒரு கத்திரிப்பூ படம் போட்டார். பார்த்திருப்பீங்க. ஊதா இதழ், நடுவுல மஞ்சள் கூம்பு, அதுல ஒரு முனை மட்டும் பளிச், பின்னாடி இருந்த காம்பவுண்டு சுவர் கரைஞ்சே போச்சு. படம் நல்லாத்தான் இருக்கு, அதுல எனக்கு வழக்கு இல்ல. கீழ எழுதின வரியிலதான் வழக்கு: "இவ்ளோ மெல்லிசான ஃபோக்கஸ் 50 மி.மீ.ல வரவே வராது, 100 மேக்ரோ இருந்தாத்தான் வரும்." (மேக்ரோன்னா பொடிப் பொருளைக் கிட்ட போய்ப் பெருசா எடுக்கற லென்ஸ்.) இதுக்கு லைக் வேற குவியுது. புதுசா கேமரா வாங்கின பசங்க இதைப் படிச்சுட்டு நாளைக்கே அப்பாகிட்ட லென்ஸ் கேட்டு நிப்பாங்க.

பூவை ஃப்ரேம்ல ஒரே அளவுக்கு நிரப்பு. ஒரே எஃப் எண் வை (லென்ஸ் துளையோட அளவு, எண் சின்னதுன்னா துளை பெருசு). 50 ஆனாலும் 100 ஆனாலும் டெப்த், அதாவது தெளிவா விழற தடிமன், ஒண்ணுதான். ஃபுல் ஃப்ரேம்ல (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) பாதி அளவு உருப்பெருக்கம் (பூ சென்சார்மேல நிஜ அளவுல பாதியா விழறது), எஃப் 2.8 வச்சா தெளிவா விழறது சுமார் 1 மி.மீ. 50லயும் 1, 100லயும் 1. இது ஃபிலிம் காலத்துலயே தீர்ந்த கணக்கு.

ஆற்காட்டுப் பேடா:
வணக்கம் சார். என் பேரைப் போட்டு தனி இழையே திறந்துட்டீங்க, ரொம்ப சந்தோஷம். என்கிட்ட ரெண்டு லென்ஸும் இருக்கு. 50ல எடுத்தா பின்னாடி சுவத்துல சிமெண்டு விரிசல் வரைக்கும் தெரியுது. 100ல சுவரே இல்ல. கண்ணு முன்னாடி நடக்கறதை சூத்திரம் போட்டு இல்லைன்னு சொன்னா எப்படி? 100 போட்டா மெல்லிசு. அவ்ளோதான்.

கோட்டை அகழி:
நான் பூவைக் கேட்டா நீங்க சுவத்தைக் காட்டுறீங்க. பூவுல எவ்ளோ தடிமன் தெளிவா இருக்குன்றதுதான் கேள்வி. சுவர் உங்க கொத்தனார் பிரச்சினை.

காட்பாடி ஜங்ஷன்:
ரெண்டு பேரும் ரெண்டு விஷயத்தைப் பேசிக்கிட்டு இருக்கீங்க. பூவுல தெளிவா விழற தடிமன் ஒண்ணு, பின்னணி எவ்ளோ கரையுதுன்றது இன்னொண்ணு. தடிமன் விஷயத்துல அகழி சார் சொல்றது சரி. ஆனா ரொம்பத் தூரத்துல இருக்கற ஒரு வெளிச்சப் புள்ளி, பாதி அளவு உருப்பெருக்கம் எஃப் 2.8ல, 50 லென்ஸுக்கு சென்சார்மேல சுமார் 9 மி.மீ. வட்டமா விரியும். 100க்கு சுமார் 18 மி.மீ. ரெண்டு மடங்கு. அதோட பின்னணியில பாதி அகலம்தான் ஃப்ரேமுக்குள்ள வரும். அதனாலதான் பேடாவோட சுவர் காணாமப் போச்சு. முதல்ல எதைப் பத்திப் பேசறோம்னு ஒத்துக்கிட்டா இழையை இங்கயே முடிச்சிடலாம்.

ஆற்காட்டுப் பேடா:
பாருங்க, ஜங்ஷனே சொல்லிட்டாரு, ரெண்டு மடங்கு! 100தான் மெல்லிசு.

கோட்டை அகழி:
ஜங்ஷனே சொல்லிட்டாரு, தடிமன் ஒண்ணுன்னு. ரெண்டும் 1 மி.மீ.

ஜங்ஷன் தம்பி, நீங்க நல்லவருதான். ஆனா ஒவ்வொரு இழையிலயும் வந்து ரெண்டு பக்கமும் சரின்னு கொடி காட்டிட்டுப் போற பழக்கத்தை விடுங்க. ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு.

குடியாத்தம் தறி:
இன்னாபா இது, காலங்காத்தால ஒரு மி.மீ.க்கு அடிச்சிகினு கீறீங்க. என் போன்ல போர்ட்ரெய்ட் மோடு போட்டேன், அதே கத்திரிச்செடிதான், பின்னாடி எல்லாம் கரைஞ்சுகினு போச்சு. லென்ஸும் வேணாம் ஒண்ணும் வேணாம். படம் போட்டுக்கீறேன் பாருங்க.

இலவம்பாடி முள்ளு:
தறி அண்ணா, அது முள்ளுக் கத்திரின்னு எழுதியிருக்கீங்க. முள்ளு எங்க? காயோட புல்லி இதழ் மேல ஒரு முள்ளு கூட இல்லையே. 2023ல புவிசார் குறியீடு வாங்கின காய் அண்ணா அது, அந்த முள்ளுக்குப் பேர்போனது. உங்க போன் அதைச் சவரம் பண்ணிடுச்சு.

கோட்டை அகழி:
அம்மா சரியாப் புடிச்சீங்க. போன் லென்ஸ் எதையும் கரைக்கலை. எது முன்னாடி எது பின்னாடின்னு கணக்குப் போட்டு அப்புறமா பூசுது. மெல்லிசா நீட்டிக்கிட்டு இருக்கற முள்ளு, மகரந்தத்தாள், ரோமம் இதெல்லாம் அந்தக் கணக்குல பின்னணின்னு ஆயிடும், அதையும் சேர்த்துப் பூசிடும். மேக்ரோன்னு தொட்டா இன்னும் மோசம். நிறைய போன் அகலக்கோண கேமராவுக்குத் தாவிடும், சென்சார் சின்னது, டெப்த் தாராளமா கிடைக்கும், கரையவே கரையாது. தறி தம்பி, துணில நூல் அறுந்தா விடுவீங்களா? படத்துல முள்ளு அறுந்திருக்கு.

குடியாத்தம் தறி:
நூலு நான் பார்த்துக்கறேன், நீ உன் மி.மீ.ஐ பாரு வாத்யாரே. வீட்ல எல்லாம் சூப்பர்னாங்கோ.

இலவம்பாடி முள்ளு:
பேடா தம்பி படத்துலயும் எனக்கு ஒரு குறை இருக்கு. நாங்க காலையில தோட்டத்துல பூவைப் பார்த்தா முதல்ல பார்க்கறது அந்த மஞ்சக் கூம்பைத் தாண்டி சூல்முடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கான்னுதான். நீட்டின பூ காய் பிடிக்கும். உள்ள அமுங்கின பூ பெரும்பாலும் உதிரும். கூம்போட நுனியில ஒவ்வொரு மகரந்தப் பைக்கும் சின்ன ஓட்டை இருக்கும், மகரந்தம் அது வழியாத்தான் கொட்டும். வண்டு வந்து தொங்கி உடம்பை அதிர வச்சாத்தான் நல்லாக் கொட்டும். தம்பி படத்துல சூல்முடி மட்டும் தெளிவு, அந்த ஓட்டை ஒண்ணும் தெரியல. ரெண்டும் தெரியற மாதிரி எடுக்க முடியாதா?

ஆற்காட்டுப் பேடா:
அக்கா அதுதான் ஸ்டைலு. எல்லாம் தெரிஞ்சா அது பாட்டனி புஸ்தகம்.

கோட்டை அகழி:
ஸ்டைல் இல்ல அம்மா, வழியில்ல. சூல்முடி கூம்பைத் தாண்டி ரெண்டு மூணு மி.மீ. நீட்டிக்கிட்டு நிக்குது. தெளிவா விழறது 1 மி.மீ. சூல்முடி தெளிவா இருந்தா ஓட்டை மங்கும். எஃப் 11க்குப் போனா சுமார் 4 மி.மீ. கிடைக்கும், ரெண்டும் வந்துடும். இல்லைன்னா பூவைப் பக்கவாட்டுல பார்த்து, சூல்முடியும் கூம்பு நுனியும் சென்சாருக்கு இணையா வர்ற மாதிரி கேமராவைத் திருப்பணும், எஃப் 2.8லயே ரெண்டும் விழும். இன்னும் கிட்ட போய் உண்மையளவுக்கு எடுத்தா, எஃப் 2.8ல மி.மீ.ல மூணுல ஒரு பங்குதான். அங்க ஃபோக்கஸ் ரிங்கைத் தொடாதீங்க. மூச்சைப் புடிச்சுக்கிட்டு உடம்பை முன்ன பின்ன லேசா ஆட்டணும், ஓட்டை தெளிவாகற நொடியில அமுக்கணும். வெயில் ஏறினா நம்ம ஊர்ல காத்தும் கிளம்பிடும். விடிஞ்சதும் போயிடணும்.

இதெல்லாம் 50லயும் அப்படித்தான், 100லயும் அப்படித்தான். ஏன்னா டெப்த் ஒண்ணு.

ஆற்காட்டுப் பேடா:
எங்க திரும்பினாலும் "ஒண்ணு ஒண்ணு". சார், நான் ரெண்டு லென்ஸ்லயும் அதே பூவை எடுத்துப் பார்த்தவன். 50ல கூம்பு முழுக்கத் தெளிவா விழுது. 100ல முனை மட்டும். சுவத்தை விடுங்க, பூவையே சொல்றேன். இப்ப என்ன சொல்வீங்க?

கோட்டை அகழி:
இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்க 50 எது, கேனான் எஃப் 1.8 எஸ்டிஎம்தானே? அது 35 செ.மீ.க்குக் கிட்ட வராது. அதிகபட்சம் 0.21 மடங்கு. நீங்க 100ஐ வச்சு பாதி அளவுல எடுத்திருக்கீங்க, 50ஐ வச்சு 0.21ல எடுத்திருக்கீங்க, அப்புறம் கம்ப்யூட்டர்ல வெட்டிப் பெருசாக்கிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்திருக்கீங்க. 0.21 மடங்குல எஃப் 2.8க்கு 4 மி.மீ.க்கு மேலயே தெளிவா விழும். கூம்பு தெளிவா வராம என்ன பண்ணும்? 50க்குப் பின்னாடி 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸைக் கேமராவுல இருந்து தள்ளி வைக்கற வெறும் வளையம்) மாட்டு. பாதி அளவு வந்துடும். அப்ப எடுத்துப் பாரு, 1 மி.மீ.தான் வரும். ட்யூப் இல்லாம ஒப்பிட்டா அது ஒப்பீடே இல்ல.

ஆற்காட்டுப் பேடா:
ட்யூப் எங்க சார் இருக்கு?

ஆற்காட்டுப் பேடா:
சொல்லுங்க சார். என் ட்யூப் எங்க இருக்கு? போன வருஷம் அமிர்தி காட்டுக்குப் போனப்ப "ரெண்டு நாள்ல தர்றேன் தம்பி"ன்னு வாங்கிட்டுப் போனவர் யாரு?

குடியாத்தம் தறி:
அய்யய்யோ 🤣🤣

கோட்டை அகழி:
ட்யூப்புக்கும் ஒளியியலுக்கும் சம்பந்தம் இல்ல. அதோட நீங்க என்கிட்ட வாங்கின போலரைசர் ஃபில்டர் எங்கன்னு நானும் கேட்கலாம். கேட்கலை. பெரிய மனுஷன்.

காட்பாடி ஜங்ஷன்:
ஒரு ஸ்கேலைச் சாய்ச்சு வச்சு ரெண்டு லென்ஸ்லயும் எடுத்தா தீர்ந்துடும். 45 டிகிரி சாய்வு. ஸ்கேல்மேல எத்தனை கோடு தெளிவா தெரியுதுன்னு எண்ணலாம். சாய்வா இருக்கறதால ஸ்கேல்ல 1 மி.மீ.ன்னா ஆழத்துல 0.7 மி.மீ.தான், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்.

ஆற்காட்டுப் பேடா:
ஸ்கேலை எடுக்கறதுக்கா லென்ஸ் வாங்கினேன்? நான் பூ எடுக்கறவன். 50ஐ வச்சு அவ்ளோ கிட்ட போனா என் நிழலே பூமேல விழுது, நான் விடற மூச்சுல பூ ஆடுது. 100ன்னா தள்ளி நிக்கலாம்.

கோட்டை அகழி:
தள்ளி நிக்கலாம், ஒத்துக்கறேன். பாதி அளவுல 50க்குப் பூ லென்ஸ் மையத்துல இருந்து சுமார் 15 செ.மீ.ல இருக்கும், 100க்கு 30. தேனீ, வண்டு எடுக்கறவனுக்கு அது வரப்பிரசாதம். "தள்ளி நிக்கலாம், அதனால 100 வாங்குங்க"ன்னு எழுதியிருந்தா நானே லைக் போட்டிருப்பேன். ஆனா எழுதினது "மெல்லிசா விழும்". இன்னொண்ணும் சொல்றேன். உள்ளுக்குள்ளயே ஃபோக்கஸ் பண்ற மேக்ரோ லென்ஸ் பலதும் கிட்ட போகப் போக 100ஆவே இருக்கறதில்ல, குறைஞ்சுடும். எஃப் 2.8ன்னு மார் தட்டறீங்களே, கிட்ட போகப் போக வெளிச்சம் குறையும், பாதி அளவுல வெளிச்சக் கணக்குக்கு அது 4.2 மாதிரி. நிக்கான் கேமரா அந்த எண்ணை ஏத்திக் காட்டிடும், கேனான் காட்டாது. அதனால உங்களுக்குத் தெரியாமப் போயிருக்கலாம். ஆற்காட்டுல இதெல்லாம் லேட்டாத்தான் வந்து சேரும் போல.

ஆற்காட்டுப் பேடா:
ஊரை எதுக்கு சார் இழுக்கறீங்க? ஒரு காலத்துல இந்த ஜில்லா பேரே எங்க ஊர் பேருதான், வட ஆற்காடு. வேலூர் அதுக்குள்ள ஒரு ஊரு.

கோட்டை அகழி:
அது 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சப்பவே ஆட்டம் கண்டது. 2019ல ராணிப்பேட்டை தனி மாவட்டம். நீங்க இப்ப வேற மாவட்டம் தம்பி. வேலூர் மாவட்டக்காரங்க சண்டையில வெளியூர்க்காரங்க அடக்கமாப் பேசணும்.

குடியாத்தம் தறி:
நாங்க இன்னும் வேலூர்தான், அதனால சொல்றேன்: பிரியாணியும் போச்சு, பேடாவும் போச்சு. ஆம்பூரு திருப்பத்தூர் மாவட்டம் ஆயிடிச்சு, ஆற்காடு ராணிப்பேட்டை ஆயிடிச்சு. நமக்கு இன்னா மிச்சம்? கோட்டையும் வெயிலும்தான்.

இலவம்பாடி முள்ளு:
கத்திரிக்காய் இருக்கு அண்ணா. அணைக்கட்டுப் பக்கம் வாங்க.

ஆற்காட்டுப் பேடா:
மக்கன் பேடா வேணும்னா எங்க ஊருக்குத்தான் வரணும் எல்லாரும். பாகு சொட்டச் சொட்டத் தின்னுட்டு வந்து இங்க மாவட்டம் பேசுவாங்க.

காட்பாடி ஜங்ஷன்:
கத்திரிப்பூவுக்குத் திரும்பலாமா? முள்ளு அக்கா கேட்ட படத்துக்கு அடுக்கு முறை இருக்கு. ஃபோக்கஸைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் பல படம் எடுத்து, அப்புறம் ஒண்ணாச் சேர்க்கறது. சூல்முடியும் தெளிவு, ஓட்டையும் தெளிவு, பின்னாடி சுவரும் கரைஞ்சே இருக்கும். பூ ஆடக்கூடாது, அது ஒண்ணுதான்.

கோட்டை அகழி:
வேலூர்ல ஆடாத பூ எங்க கிடைக்கும், ப்ளாஸ்டிக்லயா? அடுக்கு முறை ஏமாத்து வேலை. அதைவிட எஃப் 11 வை, ஒரே படம், நேர்மையா இருக்கும்.

காட்பாடி ஜங்ஷன்:
எஃப் 11 வச்சா சுவர் மறுபடி தெரிய ஆரம்பிக்குமே சார்.

கோட்டை அகழி:
மறுபடியும் சுவரா! இந்த இழையில சுவத்தைப் பத்தி இனிமே யாரும் பேசக்கூடாது.

இலவம்பாடி முள்ளு:
நான் நாளைக்குக் காலையில என் போன்லயே சாதாரணமா எடுத்துப் போடறேன். சூல்முடி நீட்டிக்கிட்டு இருக்கற பூவாப் பார்த்து.

ஆற்காட்டுப் பேடா:
எடுங்க அக்கா. அகழி சார், ஸ்கேல் டெஸ்ட்டுக்கு நான் ரெடி. ட்யூப்பைக் குரியர்ல அனுப்புங்க, 50ல மாட்டி எடுத்துக் காட்டறேன். 100லதான் மெல்லிசா விழும், எழுதி வச்சுக்கோங்க.

கோட்டை அகழி:
எடுக்கறதுக்கு முன்னாடியே தீர்ப்பா? 50லயும் 1, 100லயும் 1. இதை முதல்ல அந்தப் படத்துக்குக் கீழ எழுதுங்க, ஃபில்டரை அனுப்புங்க, அப்புறம் ட்யூப்பைப் பத்திப் பேசலாம்.

குடியாத்தம் தறி:
குரியர் செலவு யாருதுபா?

கோட்டை அகழி:
வாங்கறவருது. வேற மாவட்டம்ல, கூடத்தான் ஆகும்.