ரிங்கல்தௌபே ஐயர் பிறந்த ஷைடல்விட்ஸ்: ஊர் வரலாற்றை எங்கே தேடுவது?

களியக்காவிளை வாசகன் (கேள்வி)

எங்கள் சபை ஆண்டு மலரில் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரைப் பற்றி எட்டுப் பக்கம் வருகிறது. 1806-ல் திருவிதாங்கூருக்கு வந்தது, 1809-ல் மயிலாடியில் கிறிஸ்தவக் கோயில் எழும்பியது, 1816-ல் இங்கிருந்து புறப்பட்டது எல்லாம் எழுதியாயிற்று. பிறந்த ஊர்தான் "1770, ஷைடல்விட்ஸ், ஜெர்மனி" என்ற ஒரு வரியோடு நிற்கிறது. ஜெர்மனி வரைபடத்தில் அந்தப் பெயரே வரவில்லை. ஊர் இப்போது இருக்கிறதா? அதன் பழைய கதையை எப்படித் திரட்டுவது? ஒரு பக்கம் தேறினால் போதும்.

பாறசாலை ஏடு

ஊர் இருக்கிறது, நாடுதான் மாறிவிட்டது. ஓடர் ஆற்றங்கரை பிரீக் நகரத்தை அடுத்த சிலேசியக் கிராமம் அது. 1945-ல் போட்ஸ்டாம் மாநாட்டுக்குப் பிறகு ஓடர்–நைசே கோட்டுக்கு (இன்றைய ஜெர்மனி–போலந்து எல்லை) கிழக்கே இருந்ததெல்லாம் போலந்து வசம் போனது. ஜெர்மன் குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். சிலேசியாவின் காலியான வீடுகளில் குடியேறியவர்களில் பலர், சோவியத் எடுத்துக்கொண்ட கிழக்குப் போலந்திலிருந்து வந்தவர்கள். பிரீக் இன்று ப்ஜெக். ஷைடல்விட்ஸ் இன்று ஷிட்வோவிட்சே.

தேடும்போது எழுத்துகளை இப்படிப் போடுங்கள்: எஸ், இஸட், ஒய், டி, எல், ஓ, டபிள்யூ, ஐ, சி, இ. எல் மேல் ஒரு குறுக்குக்கோடு உண்டு. அது இல்லாமலும் வரும். கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறி 'இ, சி' ஆகிவிட்டால் வார்சாவுக்குத் தெற்கே உள்ள வேறொரு நகரத்தில் போய் நிற்பீர்கள். இன்னொரு குழி: 'ப்ஜெஸ்கி மாவட்டம்' என்று போலந்தில் இரண்டு உண்டு. உங்களுக்கு வேண்டியது ஒப்போலே மாகாணத்தில் இருப்பது, அதிலே லுப்ஷா ஒன்றியம். இந்த மூன்றும் ஒத்துவந்தால்தான் அது உங்கள் ஊர்.

மலரில் "ஜெர்மனி" என்று மட்டும் போடாதீர்கள். 1770-ல் அப்படி ஒரே நாடு கிடையாது. "பிரஷ்ய சிலேசியா, இன்றைய போலந்து" என்பதே சரி.

குழித்துறை ஆவணம்

எந்த ஆண்டில் யார் ஆட்சி என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் எந்த மொழியில், எந்த அலுவலகத்தில் இருக்கும் என்பதை அதுதான் சொல்லும். விளவங்கோட்டு நிலப் பதிவைத் தேடுகிறவர் 1956 நவம்பர் 1-க்கு (அன்றுதான் அந்தத் தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது) முந்தையதைச் சென்னையில் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவார். அது திருவனந்தபுரத்தில், மலையாளத்தில் இருக்கும். சிலேசியாவிலும் அதே கதைதான்.

1675 வரை பிரீக் பகுதி பியாஸ்ட் கோமக்களின் கையில். அந்த வம்சம் அற்றுப்போனதும் கத்தோலிக்கரான ஹாப்ஸ்பர்க் பேரரசர் நேரடியாக எடுத்துக்கொண்டார். லூத்தரன் (புராட்டஸ்டண்ட்) கோயில்கள் பல பறிபோயின. 1707 ஆல்ட்ரான்ஷ்டெட் உடன்பாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள் திரும்பக் கிடைத்தன. 1741 ஏப்ரல் 10 அன்று பிரீக் பக்கத்து மோல்விட்ஸில் பிரஷ்யாவுக்கும் ஹாப்ஸ்பர்க் படைக்கும் போர். அடுத்த ஆண்டு சிலேசியாவின் பெரும்பகுதி பிரஷ்யாவுக்கு. ஐயரின் தகப்பனார் அந்த ஊர்ப் போதகராக இருந்தது இந்தப் பிரஷ்ய காலத்தில்தான்.

இதனால் தேடலில் வரும் சிக்கல்கள்: 1675-க்கும் 1707-க்கும் நடுவே ஞானஸ்நானப் பதிவில் இடைவெளி வந்தால் ஏடு தொலைந்தது என்று உடனே முடிவுகட்டாதீர்கள், பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கிலும் பாருங்கள். கோயில் பதிவுக்கு இரண்டாம் படி எழுதி நீதிமன்றத்தில் வைக்கும் முறை 1794-ன் பிரஷ்யப் பொதுச் சட்டத்தில் வந்தது. ஆகவே 1770 பதிவுக்குச் சட்டப்படியான இரண்டாம் படி இருக்காது, மூல ஏடு தப்பியிருந்தால்தான் உண்டு. அரசுப் பிறப்பு–இறப்புப் பதிவு 1874 அக்டோபர் 1-ல் தொடங்கியது.

முதலில் ஒப்போலே அரசு ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். ஜெர்மன் பெயர், போலிஷ் பெயர் இரண்டையும் போட வேண்டும். அடுத்து பெர்லினில் உள்ள சுவிசேஷ மத்தியக் காப்பகம், லைப்சிகில் உள்ள கோயில் பதிவுப் படச்சுருள்கள். ஊரின் அமைப்பைப் பார்க்க மார்பர்க் ஹெர்டர் நிறுவனத்தில் 1:25,000 அளவுப் பழைய வரைபடம் கேளுங்கள். கோயில், பள்ளி, ஆலை எல்லாம் தனிக் குறியோடு இருக்கும். 1945-ல் வெளியேறியவர்களின் சொத்து இழப்புக் கோப்புகள் பைராய்ட்டில் இருக்கின்றன.

ஏடு கிடைத்தாலும் கூர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். அதில் 'இ'யும் 'என்'னும் ஒரே மாதிரி இரண்டு கீறல். 'யு'வுக்கு மேலே ஒரு வளைவு இருக்கும், அதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். தெரிந்த பெயர் ஒன்றை, போதகர் கையொப்பம் என்றால் நல்லது, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி அதையே அரிச்சுவடியாக வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

களியக்காவிளை வாசகன்

மிக்க நன்றி. 1845-ல் வந்த க்னீயின் சிலேசிய ஊர் அகராதியை இணையத்தில் பார்த்தேன். ஊர்க் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு சொல்லை மொழிபெயர்ப்புச் செயலி "தோட்டக்காரர்கள்" என்கிறது. ஒரு கிராமத்தில் அத்தனை தோட்டக்காரர்களா?

பாறசாலை ஏடு

செயலி தவறாகக் காட்டுகிறது. கெர்ட்னர் என்பது அங்கே தொழில் இல்லை, குடிநிலை. முழு ஏர் வைத்து நிலம் உழுதவர் பவுவர். வீடும் அதையொட்டிச் சிறு துண்டு நிலமும் உள்ளவர் கெர்ட்னர். அவர்களில் 'டிரெஷ்கெர்ட்னர்' என்பவர்கள் பண்ணையில் கதிரடித்து, கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கு வாங்குவார்கள். நம் பக்கத்துப் 'பதம்' மாதிரி. வீடு மட்டும் உள்ளவர் ஹொய்ஸ்லர். குடிகிடப்பு (பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருப்பது) என்று எழுதினால் நம் வாசகருக்குப் பிடிபடும், ஆனால் சட்ட உரிமை ஒன்றல்ல என்று ஒரு வரி சேருங்கள்.

நிலம் 'மோர்கன்' கணக்கில் வரும். பிரஷ்ய மோர்கன் ஒன்று 2,553 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 63 சென்ட். 'ஹூபே' என்ற பழைய நில அளவு வந்தால் மாற்றாதீர்கள், அது இடத்துக்கு இடம் வேறுபடும், அப்படியே போடுங்கள்.

குழித்துறை ஆவணம்

தேதி பற்றி ஒன்று. 1770-ல் சிலேசியாவில் இன்றைய நாட்காட்டிதான், பிறந்த தேதியைத் திருத்த வேண்டாம். திருத்தம் தேவைப்படுவது நம் பக்கத்தில். பழைய ஏட்டில் கொல்லம் ஆண்டு 984 என்றிருந்தால் ஆவணி முதல் மார்கழி நடு வரை 824 கூட்ட வேண்டும், அதாவது 1808. அதற்குப் பிறகு ஆடி வரை 825 கூட்டி 1809. மாதம் இல்லாமல் ஆண்டு மட்டும் இருந்தால் "1808–09" என்று அச்சிடுங்கள்.