கொடுங்கோலன் நாடு ஏன் எப்போதும் கரிக்காடாகவே இருக்கிறது?

கியூர்பிப்காரன்:
மாயாஜாலக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வில்லன் அரசனின் நாட்டுக்கு வழக்கம்போல எரிமலை, சாம்பல், பட்டமரம் எல்லாம் போட்டாயிற்று. ஆனால் மொரீஷியஸில் உட்கார்ந்து எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, ஏனென்றால் இங்கே ட்ரூ ஓ செர்ஃபும் எரிமலை வாய்தான், எட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்க மரம். கெட்டவன் ஆண்டால் மண் ஏன் கருக வேண்டும்? காரணம் இல்லாமல் ஒட்டமாட்டேன் என்கிறது.

ஓலைச்சுவடி:
காரணம் நம்மிடமே இருக்கிறது தம்பி. கொடுங்கோன்மை அதிகாரம், 559ஆம் குறள்: "முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்." அரசன் முறை தவறினால் மழை தவறும். சிலப்பதிகாரத்திலும் கோவலன் கொலைக்குப் பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது. எரிமலையை விடுங்கள், மழையை நிறுத்திப் பாருங்கள்.

கியூர்பிப்காரன்:
ஓயாமல் மழை பெய்யும் இந்தக் கியூர்பிப் ஊரில் இருந்துகொண்டு மழை நிற்பதைக் கற்பனை செய்வதா ஐயா! அது போகட்டும், மழை நின்றால் அடி விழுவது குடியானவனுக்குத்தானே, அரசன் பட்டினி கிடக்கப் போகிறானா?

கல்லுக்குவியல்:
அவன் படை எதைத் தின்கிறது, முதலில் அதைச் சொல்லுங்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன்கூட வில்லன் நாடான மோர்டோர் முழுவதையும் சாம்பலாக்கவில்லை, தெற்கே நூர்னென் ஏரிப் பக்கம் அடிமைகள் உழைக்கும் பெரிய வயல்கள் உண்டு. கதை அங்கே போகவே இல்லை, எனக்கு அது பெரிய குறை.

நம் தீவையே பாருங்கள். 1638இல் டச்சுக்காரன் குடியேறிக் கருங்காலியை வெட்டினான், அடுத்த வருஷமே ஜாவாவிலிருந்து மானும் கரும்பும் வந்தன, 1710இல் அவன் போய்விட்டான், கரும்பு போகவில்லை. அப்புறம் பிரெஞ்சுக்காரன், பிரிட்டிஷ்காரன், அடிமைகள், 1834 முதல் ஒப்பந்தக் கூலியாக நம் ஆட்கள். கரும்புக்கு நடுவே கோபுரம் மாதிரி கறுப்புக் குவியல்கள் நிற்கின்றனவே, கல்தான் எரிமலை போட்டது, பொறுக்கி அடுக்கியது மனுஷன் கை. சுற்றுலா வருகிறவன் என்ன அழகு என்று போட்டோ எடுக்கிறான். உங்கள் வில்லன் நாடும் பச்சையாகவே இருக்கட்டும், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர்.

கியூர்பிப்காரன்:
அட! அப்படியென்றால் என் நாயகி எல்லை தாண்டியதும் நல்ல ஊருக்கு வந்துவிட்டோம் என்று சந்தோஷப்படுவாள், குவியலைப் பார்க்கும் வரை. சரி, முதல் அத்தியாயத்தைக் கிழிக்கிறேன்.