தலைவாசல் கதவு: 40,000 ரூபாய்க்குள் தேக்கா, இரும்பா?

மன்னார்குடி டீச்சர் கேட்டது:

மன்னார்குடிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பேஸ்மெண்ட் முடிந்துவிட்டது. வருகிற வளர்பிறையில் நிலை வைக்க நாள் குறித்தாயிற்று, ஆனால் என்ன கதவு என்பதில் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

அம்மாவுக்குத் தேக்குதான் வேண்டும். மேல் பலகையில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானை. காண்ட்ராக்டர் "அதெல்லாம் எதுக்கு மேடம், ரெடிமேட் ஸ்டீல் கதவு போட்டுடுங்க, பூட்டோட வந்துடும், கரையானும் வராது" என்கிறார். பூச்சியைப் பற்றி அவர் சொல்வதை ஒதுக்கவும் முடியவில்லை. இடித்த பழைய வீட்டில் நிலையின் அடிப்பகுதி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. பெயிண்ட் மட்டும்தான் மிச்சம்.

மரக்கடையில் விசாரித்தேன். நாட்டுத் தேக்கு கன அடி 3,200 என்றார்கள். வேங்கை 2,400. பர்மா தேக்கு 7,000-க்கு மேலே. கஜலட்சுமி செதுக்க மட்டும் 12,000 தனியாக. என்னிடம் மரம், கூலி, பூட்டு, பாலிஷ் எல்லாம் சேர்த்து 40,000 இருக்கிறது. வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருக்கிறார். இங்கே நானும் அம்மாவும் பெண்ணும்தான், அதனால் பார்க்க லட்சணமாக இருந்தால் மட்டும் போதாது. வாசல் மேற்குப் பார்த்தது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர் வாசி:

நான் ஸ்டீல் கதவு போட்டு நான்கு மழைக்காலம் பார்த்துவிட்டேன். ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுத் தேக்குக் கதவைத் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள், என் கதவு அப்படியே இருக்கும். அந்த விஷயத்தில் குறையே சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில். பூட்டில் சாவி நுழையும் சிலிண்டர் அடம்பிடிக்க ஆரம்பித்தபோது, கடைக்காரர் "அந்த மாடல் இப்ப வர்றதில்ல சார்" என்று கையை விரித்துவிட்டார். கடையில் கிடைக்கும் வேறு பூட்டு அந்த ஓட்டையில் உட்காரவில்லை. பையன் சைக்கிளை மோதியதில் விழுந்த குழியும் அப்படியே இருக்கிறது. மரமாக இருந்தால் இழைத்துவிடலாம். மேற்குப் பார்த்த வாசல் என்கிறீர்கள், சாயங்காலம் நான்கு மணிக்குக் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். போர்ட்டிகோ இல்லை என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

உளிச்சத்தம்:

தங்கச்சி, நான் உங்கள் பக்கத்து ஊர்தான், தச்சு வேலை. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், அதில்தான் பாதிப் பேர் பயந்து ஓடுகிறார்கள்.

ஏழடிக்கு மூன்றரை அடி நிலை, சட்டம் 5-க்கு 4 அங்குலம். நெட்டுச் சட்டம் இரண்டும் 14 அடி, மேலும் கீழும் 7 அடி, ஆக 21 அடி. 21-ஐ 5-ஆலும் 4-ஆலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 2.92, அதாவது மூன்று கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒற்றைக் கதவுக்குச் சேதாரத்தோடு இரண்டரை கன அடி போதும். நிலையை வேங்கையில் போடுங்கள், 7,200. கதவை நாட்டுத் தேக்கில் போடுங்கள், 8,000. கூலி பத்தாயிரம் என்று வைத்தாலும் 25,200-தான் ஆகிறது. மிச்சம் 14,800 பூட்டு, கீல், பாலிஷுக்கு. பர்மா தேக்கு வேண்டவே வேண்டாம், அது உங்கள் பட்ஜெட்டுக்கான மரம் இல்லை.

தேக்கு என்று பெயர் இருந்தால் போதாது. நம் பக்கத்து ஆற்றங்கரை, வாய்க்கால் கரைத் தேக்கு சின்ன வயதிலேயே வெட்டு வாங்கி வருகிறது. கட்டையின் வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பாக இருப்பது வைரம், சுற்றி வெளுப்பாக இருப்பது வெளிறு. பூச்சி முதலில் வெளிற்றில்தான் வாய் வைக்கும். சில கடைகளில் வெளிறு தெரியாமல் இருக்கச் சாயம் பூசி வைத்திருப்பார்கள். ஒரு பிளேடால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளேயும் அதே நிறம்தானா என்று. அறுத்த பலகையைச் சுரண்டினால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். இன்னொன்று, 5-க்கு 4 என்று வாங்கிய சட்டம் இழைத்த பிறகு நாலே முக்காலுக்கு மூணே முக்கால்தான் இருக்கும். அது திருட்டு இல்லை, உளி தின்றது.

வேங்கை ஈரம் பட்டால் மஞ்சளாகச் சாயம் விடும். நிலை வைத்த அன்றைக்கே பிளாஸ்டிக் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சு வேலையில் புதுச் சுவரெல்லாம் கறை. சுவரைத் தொடும் பக்கத்துக்குத் தார் அடிக்கச் சொல்லுங்கள். கரையானுக்கு இது மட்டும் போதாது, வாசலடி மண்ணுக்கும் மருந்து விட வேண்டும். தளம் போடுவதற்கு முன்னால் என்றால் செலவும் குறைவு.

இப்போது திருடன் விஷயம். அவன் கதவை உடைப்பதில்லை. கடப்பாரையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கொடுத்து நெம்புவான். பூட்டு எவ்வளவு விலை என்பது அப்போது கணக்கில்லை, பூட்டு நாக்கு போய் உட்காரும் நிலைப் பக்கம் பிளந்தால் முடிந்தது கதை. அதனால்தான் நிலைக்கு வேங்கை கேட்கிறேன். நாக்கு உட்காரும் தகட்டுக்கு மூன்று அங்குல ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள், பெட்டியோடு வரும் முக்கால் அங்குல ஸ்க்ரூ வேண்டாம். நிலைக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று ஹோல்ட் பாஸ்ட், அதாவது நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை, அடித்து கான்கிரீட்டில் பதிக்கச் சொல்லுங்கள். வெறும் சிமெண்ட் கலவையில் நிற்கும் நிலை நெம்பினால் அசையும். கீல் நான்கு போடுங்கள், ஐந்து அங்குலத்தில், கதவு உள்பக்கம் திறக்கிறபடி. அப்போது கீல் ஆணி வெளியில் தெரியாது.

கொத்தனார் நிலைக்குப் பின்னால் கலவை அடைக்கும்போது நெட்டுச் சட்டம் உள்பக்கம் வளையும். நடுவில் ஒரு ரீப்பரை, அதாவது சின்ன மரச்சட்டத்தை, குறுக்கே கொடுத்து நிறுத்தி வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, கதவு மாட்டும்போது என்னைக் கூப்பிட்டு "ஆசாரி அளவு தப்பு" என்று சொன்னவர்கள் ஊரில் நிறையப் பேர்.

அம்மாவின் கஜலட்சுமிக்கு வருகிறேன். 12,000 கொடுத்தால் உங்கள் பூட்டுக்குப் பணம் இருக்காது. கதவில் முழுப் பலகையையும் செதுக்கினால் கனமும் குறைகிறது, தூசியும் சேருகிறது. நிலையின் மேல் சட்டத்தில் நடுவில் ஒரு தாமரை, இரண்டு பக்கமும் சின்ன மணி வரிசை. அதை நானே கூலியோடு சேர்த்துச் செய்து கொடுப்பேன், மற்ற ஆசாரிகளும் கேட்டால் செய்வார்கள். லட்சுமி வேண்டும் என்றால் பித்தளைத் தகட்டில் வாங்கிப் பதித்துக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைத்தாலும் மரம் கெடாது.

திண்டுக்கல் சாவி:

ஆசாரி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் தலைவாசலுக்கு வெளியே கொண்டி வைத்து மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிடாதீர்கள். வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே போர்டு வைத்த மாதிரி அது. அதைக் கொல்லைப்புறத்துக்கோ கேட்டுக்கோ வையுங்கள்.

கதவுக்குள் குடைந்து இறக்கும் மார்டிஸ் பூட்டு என்றால் ஒன்றரை அங்குலக் கனம் அந்த இடத்தில் பாதியாகிவிடும். உள்பக்கம் மேலோடு திருகும் பெட்டிப் பூட்டு, மூன்று நான்கு நாக்கு உள்ளது, உங்களுக்குச் சரியாக இருக்கும். அதோடு உள்ளே ஒரு நீளத் தாழ்ப்பாள், ஒரு சங்கிலி, வெளியே நிற்பவரைப் பார்க்க அம்மா உயரத்துக்கு ஒரு மேஜிக் ஐ. உங்கள் உயரத்துக்கு வைத்தால் பகலில் வீட்டில் இருக்கும் அம்மாவால் எட்டிப் பார்க்க முடியாது.

செட்டிநாட்டுப் பேரன்:

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீடுகளிலிருந்து எடுத்த கதவுகள் வரும். பர்மா வியாபாரம் நடந்த காலத்து மரம், இன்றைக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் மலிவு என்று நினைத்துப் போகாதீர்கள், அங்கே ரிசார்ட்காரர்களும் வாங்க வருகிறார்கள். பழைய நிலைகள் உயரம் குறைவு, குனிந்துதான் நுழைய வேண்டும். அளவு நாடா இல்லாமல் போய் ஆசைப்பட்டுவிடாதீர்கள்.

தென்காசிச் சாரல்:

செங்கோட்டையில் மர மில்கள் வரிசையாக இருக்கின்றன, கன அடிக்குக் கொஞ்சம் குறையும். ஒரு கதவுக்காக மன்னார்குடியிலிருந்து வந்தால் வண்டி வாடகையே அதைத் தின்றுவிடும். ஜன்னல், உள் கதவு எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குவதென்றால் வாருங்கள், பில் இல்லாமல் மரம் ஏற்றாதீர்கள்.

மன்னார்குடி டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. உளிச்சத்தம் அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தாமரைக்கு எத்தனை இதழ்?" என்று மட்டும் கேட்டார், அப்படியானால் சம்மதம்தான். வேங்கை நிலை, தேக்குக் கதவு, பெட்டிப் பூட்டு. ரீப்பர் விஷயத்தைக் காண்ட்ராக்டரிடம் சொன்னேன், ஒரு மாதிரி பார்த்தார். போர்ட்டிகோ நான்கடி நீட்டுகிறோம். பாலிஷ் மட்டும் இன்னும் குழப்பம். கடைக்காரர் மெலமைன் என்கிறார், தம்பி பியூ (பாலியூரித்தேன்) பூச்சு என்கிறான். கிரகப்பிரவேசம் கார்த்திகையில்.

உளிச்சத்தம்:

எட்டு இதழ். வெயில் படுகிற கதவுக்கு வெளிப்பக்கம் பியூ, அதிலும் வெளி உபயோகத்துக்கு என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். உள்பக்கத்துக்கு மெலமைனே போதும். ஆனால் கார்த்திகை மழையில் கடைசிப் பூச்சு அடிக்காதீர்கள், ஈரத்தில் பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். கிரகப்பிரவேசத்துக்கு அடிப்பூச்சான சீலர் மட்டும் அடித்து மாலை போட்டு மூடிவிடுங்கள். மீதியைத் தை பிறந்து நல்ல வெயில் வந்ததும் அடிக்கலாம். கதவின் தலைப்பக்கமும் அடிப்பக்கமும் விட்டுப்போகாமல் பூசுகிறார்களா என்று பாருங்கள், கதவைக் கழற்றாமல் அடிப்பக்கம் பூச முடியாது.