இரண்டடிச் செடித்தொட்டிக்கு எல்இடி: இன்னும் ஒரு ஸ்ட்ரிப் ஒட்டவா?

உப்புவெளிக்காரன்:
வணக்கம். 24×12×15 அங்குல மீன் தொட்டி, உள்ளே நீர்ச்செடிகள் வளர்க்கிறேன். மண், கல் போக 60 லிட்டர் தண்ணீர் இருக்கும். செடிகள்: வெண்டி கிரிப்டோ, வலிஸ்நேரியா, ஜாவா ஃபேர்ன், மூலையில் கொஞ்சம் ரொட்டாலா. சிஓ2 (கரியமில வாயு) செலுத்துவதில்லை. மூடிக்குள் 12 வோல்ட் 5050 எல்இடி ஸ்ட்ரிப் (ஒட்டும் விளக்குப் பட்டை) ஐந்து வரிசை, ஒவ்வொன்றும் 55 சென்டிமீட்டர். மீட்டருக்கு 14.4 வாட், நிறம் 6500 கெல்வின் வெள்ளை. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை எரியும்.

கிரிப்டோ இலை விளிம்பெல்லாம் பச்சை நூல்பாசி. ரொட்டாலா அடி இலையை உதிர்த்துவிட்டு மெலிந்து நீள்கிறது. வெளிச்சம் காணாது, இன்னும் இரண்டு வரிசை ஒட்டுங்கள் என்கிறார் கடைக்காரர். ஒட்டலாமா? அப்புறம், முள் சுற்றும் டைமர்தான் வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் அது பிந்திவிடுகிறது. ஈஎஸ்பி8266 என்ற வைஃபை கண்ட்ரோலர் சிப்பை வைத்து விடியலும் அந்தியும் மாதிரிச் செய்யவும் ஆசை.

கிண்ணியா கப்பி:
ஜன்னல் பக்கமா தொட்டி? காலை வெயில் பட்டால் முதலில் திரையைப் போடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

உவர்மலை வயரிங்:
தம்பி, ஒட்ட வேண்டாம். கணக்கைப் பாருங்கள். ஐந்து வரிசையும் சேர்ந்து 2.75 மீட்டர், 40 வாட் அளவு. மீட்டருக்கு 900 லுமென் (வெளிச்ச அளவு) என்று வைத்தாலே 2,500 கிட்ட வரும், லிட்டருக்கு 40க்கு மேல். சிஓ2 சிலிண்டர் வைத்திருப்பவர்கள் கொடுக்கிற வெளிச்சம் அது. உங்கள் செடிகளுக்கு லிட்டருக்கு 15, 20 தாராளம். வெண்டி கிரிப்டோ நம் இலங்கைச் செடி, மர நிழல் விழும் ஓடைகளில் வளர்வது. ரொட்டாலா மெலிவதும் பெரும்பாலும் வெளிச்சக் குறையால் அல்ல. வெளிச்சம் ஏற ஏறச் செடி கரியமில வாயுவையும் உரத்தையும் கூடக் கேட்கும். அது கிடைக்காமல் செடி திணறும்போது மிச்ச வெளிச்சம் பாசிக்குத்தான் விருந்து. கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்து நிற்கும் வாயுவும் குறையும்.

ஆகவே பாதிக்குக் குறையுங்கள். 12 வோல்ட் குமிழ் டிம்மர் ஒன்று போதும். ஈஎஸ்பியில் செய்வதுபோல அதுவும் பிடபிள்யூஎம் முறைதான், எல்இடியை வேகமாக அணைத்து எரியவைத்துக் குறைக்கிறது. பவர் சப்ளைக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் போடுங்கள். உங்கள் 40 வாட் என்றால் 3.3 ஆம்பியர். டிம்மரும் சப்ளையும் 5 ஆம்பியருக்குக் குறையக் கூடாது. நேரத்தை ஏழு மணியாக்குங்கள். மதியம் இரண்டிலிருந்து ஒன்பது வரை வைத்தால் வேலை முடிந்து வந்து நீங்களும் பார்க்கலாம், செடிக்கு எந்த ஏழு மணி என்ற கவலை இல்லை. உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமர் கரண்ட் போனாலும் நேரத்தை விடாது.

நம் ஊருக்கென்று ஒன்று. கடற்கரைப் பக்கம் ஸ்ட்ரிப்பின் கிளிப் கனெக்டரை நம்பாதீர்கள். உப்புக்காற்றும் மூடிக்குள் நிற்கும் ஆவியும் சேர்ந்து செம்பில் பச்சைக் களிம்பு பிடித்து, ஒரு வரிசை மட்டும் மங்கும். ஈயம் வைத்து ஒட்டி, மேலே சிலிக்கோன் பூசுங்கள். ஸ்ட்ரிப்பை நேரே பிளாஸ்டிக் மூடியில் ஒட்டாமல் அலுமினியப் பட்டையில் ஒட்டினால் சூடு இறங்கும். வயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒருதரம் கீழே தொங்கட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்துவது) வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

உப்புவெளிக்காரன்:
நன்றி அண்ணா. தொட்டி கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில்தான், திரை போடுகிறேன். அப்போ ஈஎஸ்பி தேவையே இல்லையா?

உவர்மலை வயரிங்:
பாசிக்காக என்றால் தேவையில்லை. மீன் திடுக்கிடாமல் இருக்க, உங்கள் ஆசைக்கு, செய்யலாம். ஆனால் ஸ்ட்ரிப்புக்கு மின் சுவிட்சாக ஐஆர்எஃப்520 மொஸ்ஃபெட் பலகையை வாங்காதீர்கள். ஈஎஸ்பி தரும் 3.3 வோல்ட்டுக்கு அது முழுதாகத் திறக்காது, சூடாகும். 3.3 வோல்ட்டில் திறக்கும் லொஜிக் லெவல் ரகம் கேளுங்கள். பிடபிள்யூஎம் 1,000 ஹெர்ட்ஸ் போதும். நேரத்துக்கு வைஃபையை மட்டும் நம்பினால் கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழும்பும்வரை தொட்டி காத்திருக்கும். சிஆர்2032 பேட்டரியோடு டிஎஸ்3231 கடிகாரம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

கிண்ணியா கப்பி:
நூல்பாசியைப் பழைய டூத்பிரஷில் சுற்றி இழுத்தால் அப்படியே வரும். வெளிச்சம் குறைத்தாலும் இருக்கிறது தானாகப் போகாது.